புதிர்ப்போட்டிக்கு அப்பால்: அன்றாடச் சொற்கள் எழுப்பும் ஐந்து கேள்விகள்



இவ்வுரையை ஐந்து சிறு கேள்விகளோடு தொடங்குகிறேன். ஒன்பது பத்துகள் சேர்ந்த எண்ணைத் 'தொண்ணூறு' என்கிறோமே, அதன் இறுதியில் 'நூறு' ஏன் நிற்கிறது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாய்க்குத் தமிழ்ப்பெயர் எவ்வாறு அமைந்தது? தமிழில் ஜன்னல், மலாயில் ஜெண்டேலா. யார் யாரிடமிருந்து பெற்றனர்? மலாய்மொழியின் 'கெடாய்' நம் 'கடை'யே என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் 'காசு'தானா?

இவை பள்ளிப் புதிர்ப்போட்டிகளில் கேட்கத்தக்க கேள்விகள். போட்டியில் இவற்றுக்கு ஒரு சொல்லில் விடை கூற வேண்டும். அரை நிமிடத்தில் மணி ஒலித்துவிடும். விடை சரியா தவறா என்பதை நடத்துநரின் கையிலுள்ள அட்டை முடிவு செய்யும். அந்த அட்டையில் உள்ள விடை எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

இந்நோக்கத்திற்கு என் சொந்த வாழ்வில் ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் புதிர்ப்போட்டிக்குச் சிறப்பு விருந்தினராகச் சென்றிருந்தேன். "கேஷ் என்னும் ஆங்கிலச் சொல் எம்மொழியிலிருந்து வந்தது?" என்று நடத்துநர் வினவினார். இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி, "பிரெஞ்சு" என்றாள். "தவறு, தமிழ்" என்றார் நடத்துநர். அவையில் கைதட்டல் எழுந்தது. அந்த ஒரு புள்ளியால் அவளுடைய குழு தோற்றது. நடத்துநர் என்னுடைய முன்னாள் மாணவர். அந்த விடையை அவருக்குக் கற்பித்தவன் நான். இளம் விரிவுரையாளனாக இருந்தபோது, அகராதியைத் திறந்து பாராமல், ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வகுப்பில் அதைச் சொல்லியிருந்தேன். பிறகு என் தவறு எனக்குத் தெரிந்தது. அடுத்து வந்த வகுப்புகளில் திருத்திக்கொண்டேன். ஆனால் முதல் வகுப்பு அதற்குள் பட்டம் பெற்றுப் போய்விட்டது.

அந்தக் கேள்விக்கு இறுதியில் வருகிறேன். மற்ற நான்கையும் முதலில் காண்போம். ஒவ்வொன்றும் ஒரு வகைச் சான்றை நமக்கு அறிமுகப்படுத்தும்.

1. தொண்ணூற்றில் நூறு எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்கு மக்களிடையே பரவலாக வழங்கும் விடை ஒன்று உண்டு. முற்காலத்தில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றும், 90க்குத் 'தொண்பது' என்றும், 900க்குத் 'தொண்ணூறு' என்றும், 9000க்குத் 'தொள்ளாயிரம்' என்றும் பெயர் வழங்கின. பின்னர்த் தொண்டு வழக்கிழந்ததால் எல்லாப் பெயர்களும் ஒருபடி கீழே இறங்கிவிட்டன என்பது அவ்விடை. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. அதில் ஒரு பகுதி உண்மையுமாகும். தொண்டு என்னும் சொல் ஒன்பதைக் குறித்துத் தொல்காப்பியச் செய்யுளியலிலும் பரிபாடலிலும் வந்துள்ளது. 90ஐக் கன்னடர் 'தொம்பத்து' என்றும், தெலுங்கர் 'தொம்பை' என்றும் வழங்குகின்றனர். ஒன்பதும் பத்தும் சேர்ந்த அமைப்பு அங்கே தெரிகிறது.

ஆனால் மீதிப் பகுதிக்குச் சான்று வேண்டும். தொண்ணூறு என்பது 900ஐக் குறித்ததாக எந்தப் பழந்தமிழ் நூலிலும் இல்லை. தொல்காப்பியர் காலத்திலேயே ஒன்பதும் பத்தும் புணர்ந்தால் தொண்ணூறு. ஒன்பதும் நூறும் புணர்ந்தால் தொள்ளாயிரம். எழுத்ததிகாரம் இவற்றுக்குத் தனித்தனியே விதி கூறுகிறது. நன்னூலாரும் அவ்வாறே கூறுகிறார். இறங்கி வந்ததாகச் சொல்லப்படும் மாற்றம் எக்காலத்தில் நிகழ்ந்தது என்று காட்ட எவராலும் இயலவில்லை.

மொழியியலார் பலர் தரும் விளக்கம் வேறு. மூன்று சொற்களையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். ஒன்பது ஓர் ஒற்றை இலக்க எண். அதன் ஈற்றில் பத்தைக் குறிக்கும் 'பது' நிற்கிறது. தொண்ணூறு பத்துகளின் வரிசை எண். அதன் ஈற்றில் நூறு நிற்கிறது. தொள்ளாயிரம் நூறுகளின் வரிசை எண். அதன் ஈற்றில் ஆயிரம் நிற்கிறது. ஆகவே தொண்ணூறு மட்டும் விதிவிலக்கு அன்று. மூன்றும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அடுத்த பேரெண்ணைச் சொல்லி, அதற்கு ஒருபடி குறைவு என்று உணர்த்தும் அமைப்பு இது. பத்துக்கு ஒன்று குறைவு, நூற்றுக்கு ஒரு பத்துக் குறைவு, ஆயிரத்திற்கு ஒரு நூறு குறைவு.

இவ்வாறு குறைத்து எண்ணுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. சமஸ்கிருதத்தில் பத்தொன்பதை 'ஏகோனவிம்சதி', அதாவது ஒன்று குறைந்த இருபது, என்பர். இலத்தீனிலும் பத்தொன்பது 'இருபதிலிருந்து ஒன்று' என்றே அமைந்தது. நம் அண்டையிலேயே இன்னும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மலாயில் ஒன்பது 'செம்பிலான்'. எடுத்தலைக் குறிக்கும் 'அம்பில்' என்னும் வினையிலிருந்து பிறந்து, 'ஒன்று எடுக்கப்பட்டது' எனப் பொருள்படும் சொல் அது. எட்டைக் குறிக்கும் 'லாப்பான்' முன்னர் 'டெலாப்பான்' என வழங்கியது. அது 'இரண்டு எடுக்கப்பட்டது' என்பதாகும். சுண்டா மொழியில் எட்டு 'டலாப்பான்', ஒன்பது 'சலாப்பான்' என இரண்டும் ஒரே வினையிலிருந்து பிறந்து இவ்விளக்கத்தை உறுதி செய்கின்றன. நெகிரி செம்பிலான் என்னும் மாநிலப் பெயரைப் பலகையில் காணும்போதெல்லாம், பத்திலிருந்து ஒரு விரலை மடக்கிய பழைய மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பாடம் உண்டு. விந்தையாகத் தோன்றும் ஒரு சொல்லைத் தனியே எடுத்துக் கதை கட்டுவது எளிது. அதன் இனச்சொற்களோடு சேர்த்து வைத்தால் விந்தை மறைந்து ஒழுங்கு புலப்படும்.

2. மிளகாயின் பெயரில் மிளகு

மிளகாய் இல்லாத தமிழர் சமையலை இன்று எண்ணிப்பார்க்கவும் இயலாது. ஆயினும் அது பழந்தமிழர் அறியாத காய். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பின்னரே அது ஏனைய கண்டங்களுக்குப் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. சங்க இலக்கியத்தில் காரத்துக்கு உரியது மிளகுதான். அதற்குக் 'கறி' என்றும் பெயர். அந்த மிளகை நாடியே யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்தன.

புதிய காய் வந்தபோது மக்கள் அதற்குப் புதிய சொல் தேடவில்லை. தாம் அறிந்த காரத்தின் பெயரை அதற்கு வைத்தனர்: மிளகு போலக் காரமான காய், மிளகாய். கன்னடத்தில் 'மெணசினகாயி', தெலுங்கில் 'மிரபகாய' என அண்டை மொழியினரும் இதே வழியைப் பின்பற்றினர். மலையாளத்தில் விருந்தாளியே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். அங்கு 'முளகு' என்றால் மிளகாய். பழைய மிளகு இன்று 'குருமுளகு' என்னும் அடைமொழியோடு நிற்கிறது. மலாயிலும் அப்படியே. 'லாடா' என்பது மிளகின் பெயர். தீபகற்பத்தின் சில வட்டாரங்களில் அது மிளகாயையும் குறிக்கும். ஆகவே மிளகைத் தெளிவாகச் சுட்ட 'லாடா ஹீத்தாம்', கரிய லாடா, என்கின்றனர். ஸ்பானியரும் ஆங்கிலேயரும் மிளகுக்குரிய தம் சொற்களையே மிளகாய்க்கும் நீட்டினர்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு பயிர் நிலக்கடலை. தமிழகத்தின் விழுப்புரம், கடலூர் வட்டாரங்களில் அதை 'மல்லாட்டை' என்பர். 'மணிலாக்கொட்டை' என்பதே பேச்சில் தேய்ந்து அவ்வாறாயிற்று. நிலக்கடலை, வேர்க்கடலை என்னும் பெயர்கள் அது விளையும் இடத்தைச் சொல்கின்றன. மல்லாட்டை பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. நகரவாசிகள் கொச்சை என்று ஒதுக்கும் சொல்லில் கடல்வழி வரலாறு பதிந்திருக்கிறது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? சொல்லின் வயதும் பொருளின் வயதும் ஒன்றல்ல. 'மிளகாய் தூய தமிழ்ச்சொல். ஆகவே மிளகாய் தமிழரின் தொன்மைப் பயிர்' என்று முடிவு செய்தால் பிழையாகும்.

3. ஜன்னலும் ஜெண்டேலாவும்

வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் தம்மைச் சுற்றிப் பார்த்தாலே மூன்றாம் கேள்வி எழும். தமிழில் மேசை, மலாயில் மேஜா. தமிழில் ஜன்னல், மலாயில் ஜெண்டேலா. தமிழில் துவாலை, மலாயில் துவாலா. தமிழில் ஏலம், மலாயில் லேலோங். இவற்றைக் கண்டவுடன், தமிழ் மலாய்க்குக் கொடுத்ததா, மலாய் தமிழுக்குக் கொடுத்ததா என்று இரு கட்சிகளாகப் பிரிந்து வழக்காடத் தோன்றும்.

உண்மையில் இரண்டும் அல்ல. இவை போர்த்துகீசியச் சொற்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510இல் போர்த்துகீசியர் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். தூத்துக்குடி, நாகப்பட்டினம், மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் அவர்கள் நிலைகொண்டனர். ஒரே வணிகர் கூட்டம் இரு கரைகளிலும் இறங்கி, ஒரே வகைப் பொருள்களையும் பழக்கங்களையும் விட்டுச்சென்றது. அவர்களுடைய 'ஜனேலா' இங்கு ஜன்னலாகவும் அங்கு ஜெண்டேலாவாகவும் மாறியது.

ஏலம் என்னும் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். போர்த்துகீசிய மூலத்தின் முதலில் லகரம் உண்டு. மலாய் அதைக் காத்தது. மலையாளமும் 'லேலம்' எனக் காத்தது. தமிழ் மரபில் லகரம் மொழிக்கு முதலில் வாராது. எனவே தமிழர் வாயில் லகரம் நீங்கி ஏலமாயிற்று. கடன் வாங்கிய சொல்லையும் தமிழ் தன் இலக்கணத்தின்படியே ஏற்றுக்கொண்டது.

ஜன்னலுக்கு முன் தமிழில் சொல் இல்லாமலில்லை. 'காலதர்' என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தில் ஜன்னலைக் குறிக்கும் சொல்லோ பழைய வட ஐரோப்பிய மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் காற்றையே நினைக்கின்றன. இதைக் கண்டு இருமொழியும் உறவு என்று கூறிவிட முடியாது. வெவ்வேறு நாட்டு மனிதர் ஒரே வகைச் சுவருக்குள் இருந்துகொண்டு ஒன்றுபோல் எண்ணினர் என்பதே பொருள்.

ஆகவே, இரு மொழிகளில் ஒத்த சொற்கள் காணப்பட்டால் முதலில் மூன்றாம் மொழி ஒன்று உண்டா என்று தேட வேண்டும்.

4. கடை 'கெடாய்' ஆனதற்குச் சான்று

அப்படியானால் தமிழ் மலாய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லையா? கொடுத்தது; அதை ஐயமின்றிக் காட்டவும் இயலும்.

கடை மலாயில் 'கெடாய்'. வாணிகத்தில் இடும் முதல் 'மோடால்'. பெட்டி 'பெத்தி'. கட்டில் 'காத்தில்'. மாளிகை 'மஹ்லிகாய்'. மாணிக்கம் 'மானிக்கம்'. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒலிகளை உற்றுக் கேட்பது பயன்தரும்.

தமிழில் வல்லெழுத்து இரட்டித்து வந்தால் ஒலிப்பின்றி வன்மையாக ஒலிக்கும். இரு உயிர்களுக்கிடையே தனித்து வந்தால் ஒலிப்புடன் மென்மையாக ஒலிக்கும். 'பட்டு', 'படு' என்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரண்டிற்கும் நாம் ஒரே எழுத்தையே பயன்படுத்துகிறோம். மலாயின் ஜாவி எழுத்துமுறையில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. இப்போது பாருங்கள். கடை, முதல் ஆகியவற்றில் வல்லெழுத்துத் தனித்து வருகிறது. ஜாவியில் இரண்டும் ஒலிப்புடைய 'தால்' எழுத்தால் எழுதப்படுகின்றன. பெட்டி, கட்டில் ஆகியவற்றில் வல்லெழுத்து இரட்டிக்கிறது. ஜாவியில் இரண்டும் ஒலிப்பில்லாத 'தா' எழுத்தால் எழுதப்படுகின்றன. மாளிகையின் தனிக் ககரம் ஒலிப்புடையதாயிற்று. மாணிக்கத்தின் இரட்டைக் ககரம் ஒலிப்பின்றி நின்றது. ஆறு சொற்களிலும் விதி பிறழவில்லை.

மாணிக்கத்தில் இன்னொரு தடயமும் உண்டு. அதன் மூலம் சமஸ்கிருத 'மாணிக்ய'. மலாய் அதனை நேரே பெற்றிருந்தால் ஈற்றில் மகரம் வந்திருக்காது. 'அம்' என்னும் ஈறு அச்சொல் தமிழர் வாய்வழிச் சென்றதற்கு இட்ட முத்திரை.

இச்சொற்களின் பின்னணி கல்வெட்டுகளில் உள்ளது. தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. சுமத்ராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினுடையது. கடையும் முதலும் பெட்டியும் எத்தகையோர் கொண்டுசென்றிருக்கக்கூடிய சொற்கள் என்பதை இக்கல்வெட்டுகள் உணர்த்துகின்றன.

ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். மலாயில் கண் 'மாத்தா'. இன்றைய கிரேக்கத்தில் கண் 'மாத்தி'. இரண்டுக்கும் எத்தொடர்பும் இல்லை என்பது அவ்வவற்றின் பழைய வடிவங்களை நோக்கினால் விளங்கும். ஒரே வகை மாற்றம் பல சொற்களில் சீராக அமைவதே சான்று. நம் பழமையைப் பிறர் ஏற்க வேண்டுமாயின், நாம் காட்ட வேண்டியது இத்தகைய சீர்மையையே.

5. காசும் கேஷும்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழ்ச்சொல் அன்று. இலத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்சா' என்னும் சொல் இத்தாலியத்தில் 'காஸா' ஆகவும் பிரெஞ்சில் 'கேஸ்' ஆகவும் மாறியது. ஆங்கிலத்தில் அது முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறித்தது. இன்றும் பணப்பெட்டியருகே அமர்ந்திருப்பவரைக் 'கேஷியர்' என்கிறோம். மாணவி கூறிய விடையே சரி.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளால் எழுதப்படும் இன்னொரு 'கேஷ்' உண்டு. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு செப்பு நாணயத்தின் பெயர் அது. நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயங்களையும் ஆங்கிலேயர் அப்பெயரால் அழைத்தனர். இந்தச் சொல் நம் காசு. போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. பழைய சென்னை நாணய முறையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அக்கணக்குகளில் ஆங்கிலேயர் எழுதிய 'கேஷ்' நம்முடையதே.

இரு வேறு ஊற்றுகளிலிருந்து வந்த இரு சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே வடிவில் சந்தித்தன. நான் அவற்றுள் ஒன்றின் பிறப்புச் சான்றிதழை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் உண்மையாகவே நமக்குரிய பெருமையும் மறைந்தது. துளையிட்ட சீனக் காசுக்கு ஆங்கிலேயர் தமிழ்ப்பெயர் இட்டனர் என்னும் செய்தியை என் வகுப்பில் எவரும் அறியாமலே போயினர்.

நிறைவாக, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிர்ப்போட்டிகளை நிறுத்த வேண்டாம். அவை மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுகின்றன. ஆனால் சரியான விடைக்கு ஒரு புள்ளி என்றால், "எப்படித் தெரியும்?" என்பதற்கு மேலும் இரண்டு புள்ளிகள் கொடுங்கள். மாணவர்களே, ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி யார் எது கூறினாலும் மூன்றைக் கேளுங்கள். அச்சொல் எக்காலத்திலிருந்து, எந்நூலில் அல்லது எக்கல்வெட்டில் காணப்படுகிறது? எவர் வழியாக வந்தது? அதே மாற்றம் பிற சொற்களிலும் நிகழ்ந்துள்ளதா? கூறுபவர் முனைவர் பட்டம் பெற்றவராயினும் கேளுங்கள்.

அன்று போட்டி முடிந்ததும் அம்மாணவியைத் தேடிச் சென்று, அவள் கூறியதே சரியென்றும் தவறு என்னுடையதென்றும் சொன்னேன். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஐயா இதை ஏன் மேடையில் சொல்லவில்லை?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அவையில் எழுந்து நிற்க நாணினேன் என்பதே உண்மை.

அதை இன்று இம்மேடையில் சொல்லிவிட்டேன். உங்கள் குறிப்பேட்டிலோ வினா அட்டையிலோ அந்தப் பழைய விடை இருந்தால், அருள்கூர்ந்து திருத்திக்கொள்ளுங்கள்.